முழுக்கைச் சட்டை

ஆத்தங்குடியில் சித்திரை மாதத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறவன் ஒன்று புது மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லை இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. 2020 கத்திரி வெயிலில், ஊரடங்கில், மின்விசிறிகூடச் சூடாக வீசுகிற வீட்டுக்குள் மணிக்கட்டு வரை பட்டன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டைக்குள்ளே, இடது முன்கையின் உட்பக்கத்தில், நான்கு எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவள் இப்போது வேறொரு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறாள். பச்சை குத்தச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை. கொண்டுபோய்க் காட்டியபோது அவள் முதலில் கேட்டதே, “இத அழிக்க முடியும்ல?” என்றுதான். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

குத்திக்கொண்டது 2019 ஜூன் மாதம், சென்னையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம், வயது 24, அறையில் கூட இருந்த இரண்டு பேரும் ஏற்கெனவே குத்தியிருந்தார்கள். நாற்பது நிமிடம், 2,800 ரூபாய். குத்திய பையன் நல்லவன். என் கண் முன்னால்தான் ஊசிப் பாக்கெட்டைப் பிரித்தான், மையைப் புதுக் குப்பியில் ஊற்றிக்கொண்டான். ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டால் மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு நானாக எதையும் விசாரிக்கவில்லை. கடை சுத்தமாக இருந்தது என் அதிர்ஷ்டம். “மேல்கையில போடலாமே ப்ரோ, அரைக்கைச் சட்டையே மறைச்சிடும்” என்றும் அவன்தான் சொன்னான். மறைப்பதற்கா குத்துகிறேன் என்று கேட்டேன். எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாது என்று ஸ்டென்சிலை மட்டும் மூன்று முறை படித்துப் பார்த்தேன். என் கவலையெல்லாம் அதுதான்.

முதல் பொய்க்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்டில் ஊருக்கு வந்திருந்தபோது சித்தப்பா மகளுக்குப் பிரசவம், ரத்தம் தேவைப்பட்டது. என் வகை பொருந்தும். மாமா என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். ரத்த வங்கியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பச்சை குத்தியிருக்கிறீர்களா, எப்போது என்று அதில் ஒரு கேள்வி. குத்திய நாளிலிருந்து 12 மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது. ஏதாவது தொற்று ஏறியிருந்தால் ஆரம்பத்தில் பரிசோதனையில் அகப்படாமல் போகலாம், அதனால்தான் அந்த இடைவெளி. அந்தப் படிவத்தில் மட்டும் நான் உண்மையை எழுதினேன். இந்தக் கதை முழுக்கத் தேடினாலும் பெருமையாகச் சொல்ல எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. வெளியே வந்து மாமாவிடம், “ஹீமோகுளோபின் கம்மியா இருக்காம், எடுக்க மாட்டேங்கிறாங்க” என்றேன். ரத்தம் வேறொருவர் கொடுத்தார், குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. மாமா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், வாரத்துக்கு இரண்டு நாள் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். கறிக்கடையில் ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான், சொல்லிவைத்து வாங்க வேண்டும். அம்மா வெள்ளனே எழுந்து போய் வாங்கிவந்து, மிளகு போட்டு வதக்கி, வேறு யாருக்கும் கொடுக்காமல் என் தட்டில் வைப்பாள். சென்னைக்குக் கிளம்பும்போது நாட்டுச் சர்க்கரையும் எள்ளும் இடித்து உருண்டை பிடித்து ஒரு டப்பா. அந்த உருண்டையை அறையில் எல்லாரும் தின்றோம். எனக்கு மட்டும் தொண்டையில் நின்றது என்று எழுதினால் அதுவும் பொய். நன்றாகவே இருந்தது.

2020 பிப்ரவரியில் அந்தப் பெண்ணும் நானும் பிரிந்தோம். காரணம் சாதாரணமானது, விட்டுவிடுகிறேன். சொல்ல வேண்டியது அதற்கு அடுத்து நான் செய்த முட்டாள்தனத்தை. கல்லுப்பையும் எலுமிச்சையையும் வைத்துத் தேய்த்தால் பச்சை போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, ஆறு நாள் ராத்திரி ராத்திரியாகத் தேய்த்தேன். பச்சையின் மை மேல்தோலில் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் அடுக்கில் கிடக்கிறது. மேல்தோல் மாதத்துக்கு ஒரு தடவை தானாகவே உதிர்ந்து புதிதாக வருவதுதான். மை அங்கே இருந்தால் எல்லாப் பச்சையும் ஒரு மாதத்தில் போயிருக்குமே. இந்தச் சின்னக் கணக்குக்கூட எனக்கு ஓடவில்லை. ஏழாவது நாள் தோல் உரிந்து நீர் வடிந்தது. பெயர் அப்படியே இருந்தது. மூன்றாவது எழுத்தின் மேல் மட்டும் பின்னால் ஒரு தழும்பு தடித்துக்கொண்டது, இன்றைக்கும் விரலால் தடவினால் தெரியும். அழிக்கும் கிரீம் என்று விற்கிறவையும் இதே ரகம்தான். தோலைச் சுட்டுப் புண்ணாக்கும், மைக்குப் போய்ச் சேராது. சுண்ணாம்பு வைக்கலாம் என்று ஒரு நண்பன் சொன்னான், நல்லவேளை அதற்குள் புண் பயமுறுத்திவிட்டது.

மார்ச் 20ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பல்லவன் ரயிலில் ஏறி ஊருக்கு வந்தேன். நான்கு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று இரண்டே சட்டை எடுத்து வந்திருந்தேன். அடுத்த வாரம் நாடே பூட்டிக்கொண்டது. கையில் பேண்டேஜ். “என்னடா இது?” என்றாள் அம்மா. சப்பாத்திக் கல்லில் பட்டுவிட்டது என்றேன். புண் நிஜம் என்பதால் அந்தப் பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

பொய்யை வாயிலிருந்து விட்டபிறகு அதை வைத்து வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பது நம் கையில் இல்லை. இதைத்தான் நான் கற்றுக்கொள்ள ஐந்து வருடம் ஆனது. நான் யோசித்ததெல்லாம் எப்படி மாட்டாமல் இருப்பது என்பதை மட்டும்தான். அம்மாவோ என் கை சீக்கிரம் ஆற வேண்டும் என்று காரைக்குடி கொப்புடையம்மனுக்கு வெள்ளிக் கை வாங்கிப் போடுவதாக நேர்ந்துகொண்டுவிட்டாள். ஊரடங்கில் கோயில் எல்லாம் அடைத்திருந்ததால் நேர்த்தி நிலுவையில் நின்றது. செப்டம்பர் 1ஆம் தேதி கோயில்கள் திறந்தன. அந்த வாரமே அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்குப் போனாள். வெள்ளித் தகட்டில் முழங்கை முதல் விரல் வரை அடித்த சின்னக் கை. ஐந்து விரலும் நகமும்கூடத் தெரியும். “நீயே போடு, ஒன் கையாலயே போடு” என்றாள். முகக்கவசம், முழுக்கைச் சட்டை, சட்டைக்குள் இன்னொருத்தியின் பெயர், விரலிடுக்கில் வெள்ளிக் கை. உண்டியலில் விழுந்த சத்தம் கேட்டது. அம்மா கண்ணை மூடி நின்றாள்.

சாமி நம்பிக்கையில் எனக்குப் பெரிய பிடிப்பு கிடையாது. இருந்தும் அன்றைக்கு வயிறு என்னவோ செய்தது.

அப்பத்தாவிடம் சொன்ன பொய் அதற்கு முன்பே, மே மாதத்தில். அது தனிக் கதை. வெயில் ஏறுமுன் குளித்துவிட வேண்டும் என்று விடியற்காலையில் தொட்டியடிக்குப் போவேன், அந்த நேரத்துக்கு வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு அப்பத்தா வாளியோடு வந்து நின்றாள். புண் ஆறியிருந்தது, கையில் துணியில்லை. மறைக்க நேரமில்லை.

அப்பத்தாவுக்கு அப்போது 82 வயது. அவள் முன்கையிலும் பச்சை உண்டு. சின்ன வயதில் ஊருக்கு வந்த குறத்தி திண்ணையில் உட்கார்ந்து குத்திவிட்டது, புள்ளிக்கோலமும் ஒரு தேளும். கூலியாகப் படி நெல்லும் பழைய சேலையும் கொடுத்தார்களாம். விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்துக் குத்துவார்கள் என்பாள். கரி கறுப்புதானே, ஏன் பச்சை என்கிறோம் என்று பின்னால் தோல் மருத்துவரிடம் கேட்டேன். ஆழத்தில் கிடக்கும் கறுப்பிலிருந்து நம் கண்ணுக்கு வருகிற வெளிச்சம் தோலில் சிதறி நீலம் கலந்து தெரிகிறது, நம் மாநிறத்தில் அது பச்சையாக இருக்கிறது என்றார். செத்தால் நகையைக் கழற்றிக்கொள்வார்கள், கூட வருவது பச்சை மட்டும்தான் என்று அப்பத்தா அடிக்கடி சொல்வாள். அதனால் பச்சையைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

“என்னப்பா எழுதியிருக்கு?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. அவள் திட்டியிருக்க மாட்டாள். யாரு அந்தப் புள்ள, என்ன சாதி, ஏன் கட்டிக்கல என்று மூன்று கேள்வி கேட்டிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் என் வாய் பழகிவிட்டிருந்தது. எழுத்தை எண்ணிப் பார்ப்பாளோ என்றுகூட அந்த ஒரு நொடியில் யோசித்து, நான்கெழுத்துச் சாமிப் பெயராகத் தேடி எடுத்தேன். “சரவணான்னு போட்டிருக்கேன் அப்பத்தா. அப்பாகிட்டச் சொல்லிராத.”

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்குப் பலமுறை நடந்தவள் அவள். என் கையைத் தூக்கி, அந்தப் பெயரை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். “நல்லதுதானய்யா செஞ்சிருக்க, இதுக்கு எதுக்கு ஒளியிற?” என்றாள். அன்றிலிருந்து அப்பா பக்கத்தில் வந்தால் அவளே “சட்டைய இறக்கு” என்று கண்ணைக் காட்டுவாள். என் பொய்க்கு அவள் காவல் நின்றாள்.

நடுவில் ஒன்றரை வருடத்தை வேகமாகத் தாண்டுகிறேன். எல்லாமே சட்டை வியாபாரம்தான். அக்கா கல்யாணத்தில் மட்டும் வேட்டி, அரைக்கைச் சட்டை என்று ஒரே மாதிரி தைத்துவிட்டார்கள். காரைக்குடியில் அழகுநிலையம் வைத்திருக்கும் தோழி ஒருத்தி மேக்கப் போட்டுவிட்டாள். தோல் நிறத்தில் மட்டும் பூசினால் சாம்பலாகத் தெரியும், நீலத்தை அடக்க அடியில் ஆரஞ்சு நிறம் பூசி, அதற்கு மேல் தோல் நிறம், அதற்கு மேல் பவுடர் என்று மூன்று அடுக்கு. போட்டோவுக்கு அருமையாக நின்றது. பந்தியில் சாம்பார் வாளி தூக்கினேன், பத்து நிமிடத்தில் வேர்வையில் கரைந்து சட்டை ஓரமெல்லாம் ஆரஞ்சு. ஓர் இரவு விருந்துக்கு, குளிர்சாதன மண்டபத்துக்கு அந்த வித்தை போதும். நம்மூர்க் கல்யாணத்துக்குத் தாங்காது.

2022 மே மாதம் எனக்குப் பெண் பார்த்தார்கள். தேவகோட்டைப் பக்கம். ஜாதகம் பொருந்தியது, இரண்டு வீட்டுக்கும் பிடித்தது, எங்களுக்கும். பேசிக்கொள்ளட்டும் என்று போன் நம்பர் கொடுத்தார்கள். இரண்டாவது நாளே அந்தப் பெண்ணிடம் பச்சையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தாலி கட்டும்போது துண்டோடு உட்கார வேண்டியவன், அப்போது எதை இழுத்து மறைப்பது? அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பேரு இருக்கிறது எனக்கு ஒண்ணும் பெரிசில்ல. மூணு வருஷமா வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாமப் பாத்துக்கிட்டீங்களே, அதத்தான் யோசிக்கிறேன்” என்றாள். குரலில் கோபமே இல்லை. பத்து நாள் கழித்து, வேறொரு ஜோசியரிடம் பார்த்ததில் எனக்குச் செவ்வாய் இருப்பதாகச் சொல்லி இடம் விலகியது. அவர்களும் ஒரு பொய் சொன்னார்கள். குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

அப்பா அதை நம்பிவிட்டார். நம்பியதோடு விடாமல், குடும்பத்தோடு வைத்தீஸ்வரன்கோவில் போய்ச் செவ்வாய்க்குப் பரிகாரம் செய்துவிடுவது என்று வேன் பேசிவிட்டார். அங்கேதான் நான் உடைந்தேன். இன்னொரு வெள்ளிக் கையை என்னால் போட முடியாது.

அப்பா பூக்கல் பட்டறையில் வேலை செய்கிறார், முப்பது வருடமாக. ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்வது என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன் மேல் பூ அச்சை இறக்கி, சிமெண்டில் குழைத்த நிறங்களைக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் பிடிக்க வேண்டும். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் உலர்ந்தபிறகு கண்ணாடி தானாகக் கழன்று வரும். அந்தக் கண்ணாடியால்தான் மெருகு. எந்த நிறம் எத்தனை வருடம் நிற்கும் என்பது அப்பாவுக்கு மனப்பாடம்.

சாயங்காலம் மற்ற ஆட்கள் போனபிறகு போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சட்டைக் கையை மடக்கி நீட்டினேன். கரண்டியை வைத்துவிட்டு, கண்ணாடியை மூக்குக்கு ஏற்றி, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“யாரு?”

சொன்னேன். முடிந்துபோனதையும் சொன்னேன். அவர் கட்டைவிரலால் ஒருதடவை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.

“கறுப்பு மட்டுமா, வேற கலர் எதுவும் கலந்திருக்கானா?”

“கறுப்பு மட்டும்தான்ப்பா.”

“நல்லவேளை.” பிறகு கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேனுக்கு ஆயிரம் ரூபா அட்வான்ஸ் குடுத்துட்டேன்” என்றார்.

நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், தவணை போடாமல் அங்கேயே எல்லாப் பொய்யையும் கொட்டியது. ரத்தம், சப்பாத்திக் கல், வெள்ளிக் கை, செவ்வாய். அப்பத்தாவுடையதைக்கூட. வீட்டில் சொல்லப்போகிறவர்கள் இதை மட்டும் என் பேச்சைக் கேட்டுச் செய்யுங்கள்: பச்சையை மட்டும் காட்டிவிட்டு அதற்காகச் சொன்ன பொய்களை உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்களாக ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் முதல் நாள் போலவே சண்டை நடக்கும். இன்னொன்று, எல்லாரையும் கூட்டிவைத்துச் சொல்ல வேண்டாம். ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். அவர் மற்றவர்களிடம் நமக்காகப் பேசுவார், குறைந்தது பக்கத்தில் உட்காருவார். கல்யாணம், காதுகுத்து என்று வீட்டில் விசேஷம் இருக்கிற வாரத்தில் வேண்டவே வேண்டாம். கோபம் வந்தாலும் வெளியே காட்ட முடியாமல் அவர்கள் திண்டாடுவார்கள், அந்தக் கணக்கும் நம் தலையில்தான் எழுதப்படும்.

அம்மாவிடம் அப்பாதான் ஆரம்பித்தார். அம்மா பச்சையைப் பார்க்கவே இல்லை. “அப்ப அந்தக் கை?” என்றாள். எந்தக் கை என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் வேளைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை என் பர்ஸிலிருந்து கேட்காமலே 101 ரூபாய் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, தனியாகக் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய் அபராதக் காணிக்கை போட்டுவிட்டு வந்தாள். அதன் பிறகு பேசினாள்.

அப்பா கோபப்படவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பாணி வேறு. அடுத்த ஆறு மாதம், நான் எப்போதோ சொன்ன பழைய விஷயங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, “காலேஜ்ல டைபாய்டுன்னு ஒரு மாசம் வரலியே, அது நெசந்தானா?” என்பார். நிஜம்தான். நிஜம் என்று சொல்லும்போதே பொய் சொல்கிறவன் குரல் வந்துவிடும் எனக்கு. மருத்துவச் சீட்டைத் தேடி எடுத்துக் காட்டலாமா என்றுகூட ஒருநாள் யோசித்தேன்.

அப்புறம் அழிக்கும் படலம். குத்திய கடைக்காரனிடம் கேட்டதில், பெயரை மறைத்து மேலே ஒரு பாம்பு போட்டுவிடலாம் என்றான். பழையதை மூட வேண்டுமானால் அதைவிடப் பெரிதாகவும் அடர்த்தியாகவும் போட்டாக வேண்டும். என் கைக்கு முழங்கை வரை பாம்பு வந்திருக்கும். அப்பத்தாவிடம் அதற்கு என்ன சாமி சொல்வது? மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். லேசர் என்று போர்டு போட்ட இடமெல்லாம் ஒன்றில்லை. தகுதியுள்ள தோல் மருத்துவர் இருக்கிறாரா, என்ன கருவி என்று கேட்டுவிட்டுப் போங்கள். எனக்குச் செய்தது கியூ ஸ்விட்ச்டு என்டி யாக் லேசர், 1064 நானோமீட்டர் அலைநீளம். நம் தோலின் கருமைநிறமியும் லேசரை உறிஞ்சும். உறிஞ்சினால் பச்சையோடு சேர்ந்து தோலின் நிறமும் வெளுத்துப் போகலாம். இந்த அலைநீளத்தை அது குறைவாக உறிஞ்சுவதால் கறுத்த தோலுக்கு ஆபத்து கொஞ்சம் குறைவு. கறுப்பு மைதான் சுலபமாக உடையும், பச்சையும் நீலமும் அடம்பிடிக்கும், வெள்ளை மை சில சமயம் லேசர் பட்டுக் கறுத்தே போகும் என்றார் மருத்துவர். அப்பாவின் “நல்லவேளை” நினைவுக்கு வந்தது.

மையை உடம்பு அந்நியப் பொருளாகத்தான் பார்க்கிறது. விழுங்கும் உயிரணுக்கள் வந்து துகளை விழுங்கிவிடுகின்றன, ஆனால் கரைக்க முடியாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஒன்று செத்தால் வேறொன்று அதே துகளை எடுத்துக்கொள்கிறது. பச்சை ஆயுசுக்கும் நிற்பது இப்படித்தான். லேசர் அந்தத் துகளைப் பொடியாக்குகிறது, அவ்வளவே. பொடியை அள்ளிக்கொண்டு போவது உடம்பின் வேலை, அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் ஆறிலிருந்து எட்டு வாரம் இடைவெளி. ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வலியா? தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்குமே, அதே இடத்தில் விடாமல் தெறித்தால் எப்படி இருக்கும், அப்படி. முன்கூட்டி மரப்புக் களிம்பு தடவினார்கள், பாதி வலி குறைந்தது. சுட்டவுடன் எழுத்துகள் மாவால் எழுதியதுபோல் வெள்ளையாகிவிடும், கால்மணி நேரத்தில் அது அடங்கும். அன்று ராத்திரி கொப்புளம் வந்தது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது, வெயில் படக் கூடாது. ஆக, மறுபடி முழுக்கைச் சட்டை, இந்த முறை டாக்டர் சொல்லி.

ஒரு தடவைக்கு 4,000 ரூபாய், மதுரைக்குப் போய்வரும் செலவு தனி. 2022 ஆகஸ்டில் தொடங்கி இதுவரை எட்டு தடவை. 2,800 ரூபாய்க்குக் குத்தியதை அழிக்க 32,000 ரூபாய், அதுவும் முழுதாகப் போகவில்லை. தெரியாதவர் பார்த்தால் பழைய அடிபட்ட கன்றல் என்பார். தெரிந்தவர் பார்த்தால் படித்துவிடலாம். உப்புத் தழும்பு இருக்கிற மூன்றாவது எழுத்துதான் கடைசி வரை மல்லுக்கட்டுகிறது. தழும்புக்குள் இருக்கும் மை சீக்கிரம் போகாதாம். ஒன்பதாவதுக்குப் போகவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் கதை தெரிந்து இப்போது தெருப் பையன்கள் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். குத்தாதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, சொன்னால் கேட்கிற வயதுமில்லை. குத்த நினைக்கிற இடத்தில் அதையே பேனாவால் எழுதிக்கொண்டு, அழிய அழிய மறுபடி எழுதி, ஒரு மாதம் வீட்டில் நடமாடிப் பார் என்கிறேன். பாதிப் பேர் மூன்றாம் நாளே அம்மாவிடம் மாட்டிக்கொண்டு திட்டமே கலைந்துவிடுகிறது. திருவிழாக் கடையில் போடும் கறுப்பு மருதாணி வேண்டாம், அதில் கலக்கும் முடிச்சாயத்தால் கை வெந்துபோனவர்கள் உண்டு. ராணுவத்துக்குப் போக ஆசைப்படும் ஒரு தம்பி தோளில் சிங்கம் குத்தப் போகிறேன் என்று வந்தான். முன்கையின் உட்பக்கம், புறங்கை தவிர வேறு இடத்தில் நிரந்தரப் பச்சை இருந்தால் ராணுவத் தேர்வில் எடுக்க மாட்டார்கள், பழங்குடியினருக்கு மட்டும் அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு என்றேன். எனக்கு வில்லங்கமான இடம் அவனுக்கு விதிப்படி சரியான இடம். சிரித்துக்கொண்டே போனான், குத்தினானா தெரியவில்லை.

அப்பத்தாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும் என்றார் அப்பா. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பார்வை மங்கிவிட்டது அவளுக்கு, காதும் கொஞ்சம். இருந்தும் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் என் இடது கையை இழுத்து மடியில் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் விடமாட்டாள். போன தை மாதம் தைப்பூசத்துக்கு மறுநாள். திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். சட்டைக் கையை அவளே மடக்கினாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விரலால் தடவினாள்.

“எங்கடா, காணோம்?”

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன்.

“சாமி மலையேறிருச்சு போல” என்றாள் அவளே. இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து விபூதியை எடுத்து அந்த இடத்தில் பூசிவிட்டாள். எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.